காரு நோம்பி

போன ஐப்பசியில், மழைக்குப் பயந்து ஊரிலிருந்த தேங்காய்க் களங்களெல்லாம் காலியாகக் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சென்னியப்பன் மகன் லோகு தன்னுடைய பழைய காண்டசா காரை அப்பாவின் களத்தில் பக்கவாட்டாகச் சறுக்கவிட்டான். கார் ஒரு சுற்று சுற்றியது, இன்னொரு சுற்றும் சுற்றியது, அப்புறம் நிற்கவில்லை. இப்போது வருஷம் திரும்பிவிட்டது. அந்த வருஷத்தைப் பற்றி எங்கள் சேமலைப்புதூரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், எல்லாக் கதையிலும் லோகு பெரிய ஆளாகவும் நான் திமிர் பிடித்தவளாகவும் வருகிறோம். வழியில் நின்றவள் நான்தான் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் எங்கள் ஊர். ஊரைச் சுற்றிலும் களங்கள். களம் என்றால் காம்பவுண்டு சுவருக்குள் பரந்து கிடக்கும் சிமெண்டுத் தரை, அதில் தேங்காயை உடைத்து வெயிலில் காயவைத்துக் கொப்பரையாக்கி எண்ணெய் மில்லுக்கு அனுப்புவார்கள். வருஷக்கணக்காகத் தேங்காய் எண்ணெய் ஊறி ஊறி அந்தத் தரை கண்ணாடி மாதிரி ஆகிவிடும், நாலு தூறல் விழுந்தால் மாடுகூடக் கால் பரப்பிக்கொண்டுதான் நடக்கும். அப்படிப்பட்ட தரையில் காரைச் சறுக்கவிடலாம் என்று எங்களுக்குத் தோன்றியதில் ஆச்சரியமில்லை, மற்றவர்களுக்குத் தோன்றாததுதான் ஆச்சரியம்.

நாங்கள் என்றால் நானும் லோகுவும். என் பெயர் பிரதீபா, அவனுக்குத் தீபா. அப்பா மெயின் ரோட்டில் டயர் ரீட்ரேடிங் கடை வைத்திருக்கிறார். நானும் அவனும் ஒரே பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவர்கள், ஒரே வருஷம் கல்லூரி முடித்துவிட்டு ஒரே மாதிரி வேலையில்லாமல் வீட்டுக்குத் திரும்பியவர்கள். இதுகள் இரண்டுக்கும் கல்யாணம் செய்துவைத்தால் என்ன என்று ஊர் ஒரு தடவை கேட்டது, நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ஊருக்கே வெட்கமாகிவிட்டது. எங்களைச் சேர்த்துவைத்தது அந்த டிரிஃப்டிங் பைத்தியம் ஒன்றுதான். செல்போனில் ஜப்பான்காரன் மலைப்பாதையில் காரைப் பக்கவாட்டாக ஓட்டுவதைப் பார்ப்போம், மறுநாள் கடையில் தேய்ந்துபோன டயர்களை மாட்டிக்கொண்டு களத்துக்கு வருவோம், அவன் காண்டசாவிலும் நான் அப்பாவின் ஆம்னி வேனிலும் முயற்சி செய்து சுவரில் முட்டிக்கொண்டு நிற்போம்.

டிரிஃப்டிங்கில் சூட்சுமம் ஒன்றே ஒன்றுதான். பின்சக்கரம் வழுக்கும்போது ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும். குறைவாகத் திருப்பினால் கார் பம்பரமாகச் சுழன்று நின்றுவிடும், அதிகமாகத் திருப்பினால் வெடுக்கென்று நேராகிப் பாய்ந்துவிடும், இரண்டுக்கும் நடுவில் மயிரிழை அளவுக்கு ஓர் இடம் இருக்கிறது, அதைப் பிடித்துவிட்டால் கார் சறுக்கிக்கொண்டே இருக்கும். அதுவரைக்கும் அந்த இடத்தை எங்கள் இரண்டு பேராலும் அரைச் சுற்றுக்கு மேல் பிடிக்க முடிந்ததில்லை. அன்றைக்கு லோகு பிடித்துவிட்டான்.

"புடிச்சுட்டேன் புள்ள!" என்று அவன் கத்தியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. கார் இடப்பக்கமாகச் சுற்றியது, மூக்கு உள்ளே, வால் வெளியே, ஓட்டுகிறவன் ஜன்னல் என்னைப் பார்த்து வந்தது. அந்த ஜன்னலில் அவன் முகம் வந்தது, அப்படி ஒரு முகத்தை நான் அவனிடம் பார்த்ததே இல்லை. நான் கை தட்டினேன், குதித்தேன், எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. பத்துப் பதினைந்து சுற்றுக்கு அப்புறம் போதும் இறங்கு என்றேன். அவன் பிரேக்கை மிதித்தான், பெடல் கீழே போய் மேலே வந்தது, கார் சுற்றியது. சாவியைத் திருப்பி இஞ்சினை நிறுத்தினான், சத்தம் மட்டும் நின்றது, கார் சுற்றியது. கதவைத் தள்ளிப் பார்த்தான், திறக்கவில்லை.

"ஸ்டியரிங் மட்டும் உசுரோட இருக்குது புள்ள" என்றான் அடுத்த முறை வரும்போது. "நேராக்குனா நேராப் போயிரும். கைக்குத் தெரியுது."

களத்துக்குக் கிழக்கே லாரி வந்துபோகிற பெரிய கேட், அதற்கு வெளியே இரண்டு பக்கமும் வேலி போட்ட இட்டேரிப் பாதை மெயின் ரோடு வரைக்கும் கோடு போட்டதுபோல நேராகப் போகும். கேட் திறந்துதான் இருந்தது.

"அப்பறமென்ன, நேராக்கு! கேட் தொறந்திருக்குது!"

அவன் கேட்டைப் பார்த்தான். கேட்டைத் தாண்டிப் போனான்.

"இரு புள்ள" என்றான். "அடுத்த சுத்துல."

பொழுது சாய்வதற்குள் ஊர் திரண்டுவிட்டது. பெட்ரோல் எப்படித் தீராமல் இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை, டயர் ஏன் தேயவில்லை என்று டயர் கடைக்காரரான என் அப்பாவே கேட்கவில்லை, எல்லாரும் கேட்டது ராத்திரிக்கு என்ன சாப்பிடுவான் என்பதுதான். தேங்காய் பறிக்கிற தொரட்டியின் நுனியில் சோற்றுப் பாத்திரத்தை, தூக்குப்போசியை, மாட்டி நீட்டினால் அவன் ஜன்னல் வழியாக எடுத்துக்கொள்வான் என்று பாப்பாத்தியக்கா கண்டுபிடித்தாள். தேங்காய் உடைக்கிற வேலைக்கு வருகிறவள், கை நடுங்காது, முதல் வீச்சிலேயே கொடுத்துவிட்டாள். காலிப் போசி அடுத்த சுற்றில் தொரட்டிக்கே திரும்பி வந்தது. மற்ற சங்கதிகளைக் கேட்காதீர்கள். அவனுக்கு அதெல்லாம் நின்றுபோயிருந்தது, ஊரும் நாகரிகமாகக் கேட்காமல் விட்டுவிட்டது.

ஒரு வாரம் கவலைப்பட்டார்கள். கார் சுற்றுகிறதே என்று இல்லை, இடப்பக்கமாகச் சுற்றுகிறதே என்று. கோயிலில் வலமாகச் சுற்றுவோம், சுடுகாட்டில்தான் இடமாகச் சுற்றுவோம், பட்டப்பகலில் ஊர் பார்க்க ஒருத்தன் இப்படிச் சுற்றினால் யாருக்கு ஆகும்? கோயில் பண்டாரம் ஒருநாள் முழுக்கக் களத்தில் உட்கார்ந்து யோசித்துவிட்டு, "அவன் எடஞ்சுத்துனா நாம வலஞ்சுத்துவோம், நேராயிரும்" என்று சொன்னார். மறுநாள் காலையிலிருந்து பெண்கள் தலைக்குக் குளித்துவிட்டு வந்து காருக்கு எதிர்த்திசையில் களத்தைச் சுற்ற ஆரம்பித்தார்கள். அவன் அங்கிருந்து வருவான், அவர்கள் இங்கிருந்து போவார்கள், ஒருத்தருக்கொருத்தர் சிரித்துக்கொள்வார்கள். அது பரிகாரமாகத் தொடங்கி, நேர்த்திக்கடனாகி, கார்த்திகை முடிவதற்குள் சர்க்கரை வியாதிக்காரர்களின் காலை நடையாகவும் ஆகிவிட்டது.

அந்தக் கார்த்திகையில்தான் பாப்பாத்தியக்கா இன்னொன்றும் கண்டுபிடித்தாள். கார் சுற்றுகிற வட்டத்தை ஒட்டி ஒரு வரிசை தேங்காயைப் பரப்பிவைத்தாள், காரிலிருந்து அடித்த சூட்டுக் காற்றில் அது மற்றக் களங்களில் காய்வதற்குப் பாதி நாளில் கொப்பரையாகிவிட்டது. மழையும் அந்த வட்டத்தைத் தள்ளித்தான் பெய்தது. ஜில்லாவிலேயே அடைமழையில் கொப்பரை காய்ந்த களம் சென்னியப்பன் களம் ஒன்றுதான். முதல் வாரத்தில் தடியை எடுத்துக்கொண்டு காரை அடிக்க ஓடி, அடிக்க முடியாமல் தரையில் உட்கார்ந்து அழுத அந்த மனுஷர், மார்கழியில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு களத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மாமா, நீங்க சொன்னா கேப்பானுங்க. நேராக்கச் சொல்லுங்" என்று நான் அவரிடம் போய் நின்றேன்.

அவர் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மிணி, இத்தன வருசத்துல இப்பத்தான் எம்பையன் ஒரு எடத்துல நெலையா இருக்கறான்" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, நெஞ்சாரச் சொன்னார்.

அதற்கப்புறம் நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டின் இரண்டு தூணிலிருந்தும் காரின் வட்டம் வரைக்கும் வெள்ளைப் பெயிண்டால் இரண்டு கோடு இழுத்தேன். அந்தக் கோடுகளுக்கு நடுவில் எதுவும் இருக்கக் கூடாது, மூட்டை கூடாது, வண்டி கூடாது, மனிதர் நிற்கக் கூடாது, அவன் எந்தச் சுற்றில் நேராக்கினாலும் தடையில்லாமல் வெளியே போக வேண்டும். காலையில் கடையைத் திறந்து அப்பாவிடம் விட்டுவிட்டு நேராகக் களத்துக்கு வருவேன், அந்தக் கோட்டின் ஓரத்தில் நிற்பேன். சுற்றி நடக்கிற பெண்களைச் சீக்கிரம் தாண்டுங்கள் என்று விரட்டுவேன். கரும்பு ஜூஸ் வண்டிக்காரன் வந்தான், விரட்டினேன். நடைபாதைக்குக் கல் பதிக்க வந்தார்கள், கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பதித்துக்கொள்ளுங்கள், நடுவில் ஒரு கல் வைத்தால் பிடுங்கி எறிவேன் என்றேன். வைத்தார்கள், பிடுங்கி எறிந்தேன். என் பெயரையே ஊர் மறந்துவிட்டது, வழிக்காரப் புள்ள என்றுதான் கூப்பிட்டார்கள்.

நான் அங்கே நின்றதில் ஒரு லாபம் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். நானும் லோகுவும் நிஜமாகப் பேசியது அந்த வருஷத்தில்தான். அவன் என் பக்கம் வரும்போது ஒரு வாக்கியம் சொல்லத்தான் நேரம் இருக்கும். நான் ஒன்று கேட்பேன், அவன் ஒரு சுற்று முழுக்க யோசித்துக்கொண்டு வந்து பதில் சொல்வான், அந்தப் பதிலை நான் ஒரு சுற்று யோசிப்பேன். பதினைந்து வருஷப் பழக்கத்தில் நாங்கள் இப்படி நிறுத்தி நிதானமாகப் பேசியதே கிடையாது. அம்மா செத்த அன்றைக்குத் தனக்கு அழுகை வரவில்லை என்று அவன் சொன்னது அப்படித்தான். படித்த படிப்பு தனக்கு ஒரு எழுத்துகூட ஏறவில்லை என்று சொன்னதும் அப்படித்தான். எனக்கு இந்த ஊரிலேயே டயர் நாற்றத்தில் செத்துப்போகப் பயமாக இருக்கிறது என்று நான் சொன்னேன், அவன் சுற்றிவிட்டு வந்து, "நீ போயிருவ புள்ள, உனக்கு நேராப் போகத் தெரியும்" என்றான். அதை அன்றைக்குப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

தை மாதத்தில் ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன். "ஏண்டா வெளிய வர மாட்டீங்கற?"

அவன் போனான், வந்தான். "வெளிய வந்தா என்ன இருக்குது, சொல்லு."

"களம் இருக்குது. நான் இருக்கறேன். கோயமுத்தூர் போட்டி இருக்குது."

போனான், வந்தான். "நான் ஒண்ணே ஒண்ணுதான் நல்லாப் பண்ணியிருக்கறேன் புள்ள. அதைய விட்டுப்போட்டு எறங்கச் சொல்றயா?"

அவன் மறுபடி வந்தபோது அவனே என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, "வராமயா போயிருவேன்? இன்னும் கொஞ்சோண்டு. அடுத்த சுத்துல" என்றான்.

கோயமுத்தூர் போட்டி மாசியில். எங்களைப் போலப் பொழுதுபோக்குக்கு டிரிஃப்டிங் செய்கிறவர்களுக்காக வைத்தது, இரண்டு பேர் பெயரும் முந்தைய வருஷமே கொடுத்திருந்தோம், இரண்டு பேரும் அதைப் பற்றியே பேசிப் பேசித் தூங்காமல் கிடந்திருக்கிறோம். அன்றைக்குக் காலையில் வேனில் டயரெல்லாம் ஏற்றிவிட்டு, எதற்கும் ஒருதடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று களத்துக்கு வந்தேன். கேட்டுக்கு நேராக யாரோ விருந்தாளிகள், ஓரம்பரை வந்த டெம்போவை நிறுத்திவிட்டுச் சுற்றப் போயிருந்தார்கள். டிரைவரைத் தேடி, சண்டை போட்டு, டெம்போவை எடுக்கவைப்பதற்குள் உச்சி வெயில் வந்து, போட்டி நேரம் தாண்டிவிட்டது. நான் கோட்டோரத்தில் வந்து நின்றேன். லோகு வந்தான்.

"என்ன புள்ள வேர்த்துக் கொட்டுது? இன்னைக்கு என்ன கெழமை?" என்று கேட்டான்.

"ஞாயித்துக்கெழமை" என்றேன். அவனுக்கு ஞாபகமே இல்லை. நானும் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல், மத்தியானம் பக்கத்துக் காலிக் களத்தில் வேனைக் கொண்டுபோய் டயர் புகையப் புகையச் சறுக்கினேன். அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது; காலையில் வழியில் நிற்பது, சாப்பாட்டு நேரத்தில் பக்கத்துக் களத்தில் வேனைச் சறுக்குவது. பார்க்க ஆளில்லை, கை தட்ட ஆளில்லை, ஆனாலும் வைகாசி வாக்கில் அந்த மயிரிழை இடம் எனக்கும் பிடிபட்டது. பிடிபட்டதும் நான் செய்த முதல் காரியம் அதை விட்டதுதான். நேராக்கி நிறுத்திவிட்டு, ரொம்ப நேரம் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு கிடந்தேன்.

ஆவணியில் தேங்காய் வியாபாரிகள் சங்கச் செயலாளர் திருமூர்த்தியண்ணன், லோகு சறுக்க ஆரம்பித்து ஒரு வருஷம் ஆவதை ஊர் நோம்பியாகக் கொண்டாட வேண்டும் என்று முடிவு செய்தார். எங்கள் பக்கம் திருவிழாவை நோம்பி என்போம். ஆடி நோம்பி, மாரியம்மன் நோம்பி, அந்த வரிசையில் இது காரு நோம்பி. ஊர் எல்லை வரைக்கும் ஃபிளெக்ஸ் வைத்தார்கள், அதில் லோகு காரிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தான், அவனைச் சுற்றிலும் சங்கத்துக்காரர்கள் முப்பது பேர் கைகூப்பினார்கள். அன்னதானம், மேளம், கோயமுத்தூரிலிருந்து தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருத்தர். எல்லாம் சரி. மேடையை எங்கே போடுவது என்பதில்தான் வந்தது வினை. கேட்டுக்கு நேராகப் போட்டால்தான் மேடையில் இருப்பவர்களின் கண்ணில் காலை வெயில் அடிக்காது, லோகு முகமும் போட்டோவில் நேராக விழும்.

"ரெண்டே நாள் அம்மிணி. நோம்பி முடிஞ்சதும் பிரிச்சுப்போடறோம்" என்றார் திருமூர்த்தியண்ணன்.

"அண்ணா, அது அவன் வெளிய வர்ற வழிங்ணா."

"வர்றவன் இந்நேரத்துக்கு வந்திருக்க மாட்டானா? ஒரு வருசமாத் தொறந்துதான கெடக்குது?"

அந்த ஆள் கெட்டவரில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை, அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நோம்பிக்கு முந்தின நாள் சவுக்குக் கம்பங்கள் வந்து இறங்கின. நான் ஓடிப்போய்க் கோட்டோரத்தில் நின்றேன்.

"லோகு, வழியை அடைக்கறாங்க. இன்னைக்கே வந்துரு. இப்பவே வா."

அவன் போனான், வந்தான். "அடைச்சுருவாங்களா?"

"குழி வெட்டறாங்க பாரு. வாடா!"

போனான், வந்தான். தாடி நெஞ்சு வரைக்கும் வளர்ந்திருந்தது, அதற்குள்ளிருந்து பழைய லோகு சிரித்தான். "அடுத்த சுத்துல புள்ள. சத்தியமா."

அவர்கள் ஒவ்வொரு கம்பமாக நட்டார்கள். ஒவ்வொரு கம்பத்துக்கும் நான் வா என்றேன், அவன் அடுத்த சுற்றில் என்றான். கடைசிக் கம்பம் இறங்கியபோது என் தொண்டை கட்டிவிட்டது, பாப்பாத்தியக்கா வந்து என் தோளைப் பிடித்து, "போயிச் சாப்புடு கண்ணு, மூஞ்சி கறுத்துப்போச்சு" என்று அனுப்பிவைத்தாள்.

மறுநாள் காலை மேடைக்குத் துணி கட்டி, மாலை தொங்கவிட்டு, மைக் வைத்து, ஊர் முழுக்கப் புதுத்துணியில் வந்து நின்றபோது, லோகு முதல்தடவையாக வழி கேட்டுக் கத்தினான். "வழி விடுங்க!" மேளத்தில் யாருக்கும் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். மேளம் நின்றபோதும் கத்தினான், "வழி விடுங்க, நான் வெளிய வரோணும்!" எல்லாருக்கும் கேட்டது. நன்றாகக் கேட்டது. பெண்கள் நடப்பதை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார்கள், திருமூர்த்தியண்ணன் மாலையைச் சரிசெய்தார், சென்னியப்பன் மாமா முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தபடி, "இத்தன நாளா இல்லாத அவசரம் நோம்பியன்னைக்கு என்ன வந்துது இவனுக்கு" என்று மெல்லச் சொன்னார். அந்தக் களத்துக் கொப்பரைக் காசில்தான் அந்த வருஷம் ஊரே வீட்டுக்கு வெள்ளையடித்திருந்தது. பேச்சாளர் பேச எழுந்தார்.

ஒரு மனிதன் ஒரே வருஷத்தில் எவ்வளவு வளரலாம் என்பதற்கு லோகநாதனே சாட்சி, என்றார் அவர். விடாமுயற்சி என்றார். ஒரே குறிக்கோள் என்றார். ஒவ்வொரு தடவை அவர் நிறுத்தும்போதும் லோகு மேடைக்கு முன்னால் வந்து வழி விடுங்க என்று கத்தினான், கூட்டம் அவருக்குக் கை தட்டியது. நான் கணக்குப் பார்த்தேன். அந்த வருஷத்தில் லோகுவுக்கு வளர்ந்தது தாடி. களம் வளர்ந்தது, சங்கம் வளர்ந்தது, பாப்பாத்தியக்கா மகன் காலேஜ் போனான், அதில் எனக்குச் சந்தோஷம்தான். நானும் வளர்ந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். எனக்குப் பொறுமை வளர்ந்தது, அது வளர்ந்திருக்கவே கூடாது.

அப்புறம் என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போட்டார்கள், நட்புக்கு இலக்கணம் என்று. நான் மைக்கைப் பிடித்து, "அவன் வழி கேக்கறான். மேடையைப் பிரிங்க" என்றேன். திருமூர்த்தியண்ணன் மைக்கை மெதுவாக என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, அன்னதானம் தயாராக இருக்கிறது, எல்லாரும் பந்திக்குப் போகலாம் என்றார். எல்லாரும் போனார்கள்.

களத்தில் நானும் அவனும் மட்டும் இருந்தோம். கீழே இறங்கி வட்டத்தோரம் போய் நின்றேன். என் வெள்ளைக் கோடுகள் மேடைக்கு அடியில் போய் மறைந்திருந்தன.

அவன் வந்தான். கண் சிவந்திருந்தது. "ஏன் புள்ள உட்ட?" என்றான்.

எனக்குப் புரியவில்லை. போனான், வந்தான்.

"நீ நெலையா நின்னிருந்தா மேடை போட்டிருப்பாங்களா? ஏன் உட்டுப்போட்டுப் போன?"

ஒரு வருஷம். வெயில், மழை, போட்டி, பேச்சு, ஏச்சு, எல்லாம் ஒரு வருஷம். எனக்கு அழுகை வரவில்லை. பொன்னாடையைக் கழற்றி மடித்து ஒரு நாற்காலியில் வைத்தேன். முதல்நாளே ஸ்பீக்கர் ஏற்றிக்கொண்டு வந்த எங்கள் வேன் களத்தின் மூலையில் நின்றது, சாவி அதிலேயே இருந்தது. எடுத்தேன். காரின் வட்டத்துக்கு வெளியே, நடைபாதைக் கல்லெல்லாம் தெறிக்க, சுவரோரமாக வேகம் பிடித்து, மேடைக்கு வரும்போது ஸ்டியரிங்கை ஒடித்து, எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடித்து, வேனின் வாலை வீசினேன். முதல் கம்பம் முறிந்தது, இரண்டாவது சாய்ந்தது, நாற்காலிகளும் மாலைகளும் மைக்கும் துணியும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோட்டுக்கு அந்தப் பக்கம் சரிந்தன. நான் செய்ததிலேயே நல்ல டிரிஃப்ட் அதுதான், பார்த்தவன் அவன் ஒருத்தன்தான். மேடை இருந்த இடத்தில் என் கோடுகள் இரண்டும் பளிச்சென்று தெரிந்தன, கேட் தெரிந்தது, கேட்டுக்கு வெளியே இட்டேரி தெரிந்தது. பந்தியிலிருந்து ஊர் எச்சில் கையோடு ஓடி வந்து, சுவரோரம் அப்படியே நின்றது.

வேனைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒதுக்கிவிட்டு ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினேன். "வாடா!"

லோகு வந்தான். திறந்து கிடந்த வழியைப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது. முதல்நாள் பார்த்தேனே, அதே முகம். சிரித்தான், அழுதான், என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

"வந்துட்டேன் புள்ள" என்றான். "அடுத்த சுத்துல."

ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. நானும் நின்றேன், அந்த ஒரு சுற்றுக்கு மட்டும். அவன் அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தபோது நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தேன். ஸ்டியரிங்கின் மேல் அவனுடைய இரண்டு கைகளும் வருஷம் முழுக்க இருந்த இடத்திலேயே இருந்தன. ஒரு விரல்கூட அசையவில்லை.

நான் கியரைப் போட்டேன். வெள்ளைக் கோடுகளுக்கு நடுவில் திருப்பி, கேட்டைத் தாண்டி, இட்டேரியில் இறங்கினேன். மெயின் ரோடு வரும்வரைக்கும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போனேன். வழி திறந்துதான் இருந்தது. அவன் வந்தான், போனான், வந்தான், போனான்.